அரைத்தது கடையில், வெந்தது வீட்டில்

கும்மிடிப்பூண்டியில் ஒரு வீட்டு அடுப்பு எத்தனை மணிக்கு எரிய வேண்டும் என்பதைக் கம்பெனி பஸ்தான் தீர்மானிக்கிறது. ஏ ஷிஃப்ட் காலை ஆறு மணிக்கு என்றால் ஐந்து மணிக்கே பஸ் தெருமுனைக்கு வந்துவிடும். அதற்குள் சமைத்து, டப்பாவில் கட்டி, பிள்ளைக்கும் எடுத்து வைத்துவிட்டுப் போக வேண்டுமானால் மூன்றரைக்கு எழுந்திருக்க வேண்டும். பி ஷிஃப்ட் போனவர் வீடு வந்து சேர இரவு பதினொன்று ஆகும். நைட் முடித்து வருகிறவருக்கு ஊரே டிபன் சாப்பிடும் நேரத்தில் கண் சொருகும். அடுத்த வாரம் ஷிஃப்ட் மாறும், இந்தக் கணக்கெல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

"இந்தக் காலத்துப் பொம்பளைங்க எங்க சமைக்கிறாங்க, எல்லாம் பாக்கெட்டுதான்" என்று பேசுகிறவர்கள் ஒரு வாரம் அந்த மூன்றரை மணிக்கு எழுந்து பார்க்க வேண்டும்.

நான் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையோரம் மாவுக்கடை வைத்திருக்கிறேன். டில்டிங் கிரைண்டர், ஃப்ரிட்ஜ், மின் தராசு, சட்டம் போட்டு மாட்டிய உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவுச் சான்று. கடை அவ்வளவுதான். ரோலிங் மில்லில் வேலை செய்கிறவரின் மனைவி, கம்பெனிக்குப் போகும் பெண்கள், ரயிலில் வந்து போகும் டீச்சர், லைன் வீட்டில் தங்கியிருக்கும் வடமாநிலப் பையன்கள் என்று எல்லாரும் வருவார்கள். யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதை வைத்தே இந்த வாரம் எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, எந்த வீட்டில் எரியவில்லை என்று சொல்லிவிடலாம். பாக்கெட் சாப்பாடா, வீட்டுச் சாப்பாடா என்ற வாதத்தில் என்னை எந்தப் பக்கம் சேர்ப்பது? நான் விற்பதும் பாக்கெட்தான். அந்தப் பாக்கெட்டால்தான் இங்கே பல வீடுகளில் இன்னும் இட்லிப் பானையில் ஆவி வருகிறது. அதனால் இந்த வாதத்தில் பேச எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

வேலையை முன்கூட்டியே முடித்து வைத்துக்கொள்வது நம் சமையலுக்குப் புதிதில்லை. கோடையில் மாடியில் வடகமும் மோர்மிளகாயும் காய வைக்கிறோமே, எதற்கு? காய் இல்லாத நாளில் சோறு இறங்கத்தான். புளிக்காய்ச்சல், இட்லிப் பொடி, அவல், கேழ்வரகு மாவு எல்லாமே அவசரத்துக்கு என்று வைத்துக்கொண்டவை. எங்கள் பகுதி ஆந்திர எல்லை, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறையப் பேர். புளிச்சகீரையைத் தொக்காக்கி ஜாடியில் அடைத்துவிட்டால் பல நாளைக்குக் குழம்பைப் பற்றிய கவலை இல்லை. பழவேற்காட்டிலிருந்து வரும் கருவாடும் அப்படித்தான். அடுப்பில் கால் மணி நேரம், தொட்டுக்கொள்ள ஆயிற்று.

இவற்றுக்கும் கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளுக்கும் என்ன வித்தியாசம்? பிரேசிலில் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்லோஸ் மொன்டெய்ரோவும் அவருடைய குழுவினரும் 2009-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு பகுப்பு முறையைக் கொண்டுவந்தார்கள். 'நோவா' என்று அதற்குப் பெயர். உணவில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு சர்க்கரை என்று மட்டும் பார்க்காமல், அது எப்படித் தயாரானது, எதற்காகத் தயாரானது என்று பார்க்கச் சொன்னார்கள். அரிசி, பருப்பு, காய், பால், முட்டை ஒரு வகை. எண்ணெய், உப்பு, சர்க்கரை போலச் சமைக்கத் துணையாக வருபவை இன்னொரு வகை. ஊறுகாய், கருவாடு போல உப்பிட்டோ புளிக்கவைத்தோ பக்குவம் செய்தவை மூன்றாவது. நான்காவது வகைதான் கவலைக்குரியது. மாவுச்சத்து, பாமாயில், சர்க்கரை இவற்றோடு மணமூட்டி, நிறமூட்டி, கெட்டியாக்கும் பொருள் என்று எந்த வீட்டு அடுக்களையிலும் இல்லாத சேர்மானங்களைக் கூட்டி ஆலையில் உருவாக்குவது. கையில் எடுத்ததை வைக்க விடாதபடிதான் அதன் ருசியை அமைக்கிறார்கள்.

என் மாவில் இட்லி அரிசி, உளுந்து, கொஞ்சம் வெந்தயம், கல்லுப்பு, தண்ணீர் இவ்வளவுதான். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. உளுந்தைத் தனியாக, நுரைத்து எழும்பும்வரை ஆட்ட வேண்டும். பிறகு வேலை நுண்ணுயிர்களுடையது. உளுந்திலும் அரிசியிலும் இயற்கையாக ஒட்டியிருக்கும் லியூகோநாஸ்டாக் முதலிய பாக்டீரியாக்கள் மாவைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன. அந்த வாயுவால்தான் இட்லி பூவாக வருகிறது. சித்திரை வெயிலில் காலையில் கரைத்த மாவு மத்தியானத்துக்கே பொங்கி வழியும். மார்கழியில் ராத்திரி முழுக்க வைத்தாலும் அசையாது. பொங்குவதற்காக வேறு எதையும் சேர்க்கிற வழக்கம் என்னிடம் இல்லை. வாங்குகிறவரும் "இன்னைக்கு மாவு புளிச்சிருக்காக்கா?" என்று கேட்டு, முகர்ந்து பார்த்துத்தான் எடுத்துப்போவார். அவர் வீட்டில் செய்ய வேண்டியதை அவருக்காக நான் செய்து வைக்கிறேன். அதற்குமேல் ஒன்றுமில்லை.

அரைக்கிற வேலைக்கும் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கி வைத்த இடம் திருவள்ளூரை ஒட்டிய காக்களூர். ஆட்டுக்கல்லில் குழவி பிடித்துத் தோள்பட்டை தேய்ந்த தலைமுறை எங்கள் அம்மாக்களுடையது. அந்த வலியைக் கண்ணால் பார்த்தவர்கள் யாரும் கிரைண்டரைக் குறை சொல்ல மாட்டார்கள்.

அந்தக் கிரைண்டர் வீட்டில் இருக்கும்போதே என்னிடம் மாவு வாங்குகிறவர்கள் பலர். காரணம் கேட்டால் சரியாகத்தான் சொல்கிறார்கள். இரண்டு பேருக்கு வேண்டிய மாவைப் போட்டால் கல்லில் ஒட்டிக்கொள்வதே பாதி. ஊற வைக்க ஒரு நேரம், அரைக்க ஒரு நேரம், கழுவ ஒரு நேரம். குழாயில் தண்ணீர் வருகிற நேரமும் ஷிஃப்ட் நேரமும் ஒத்துப்போக வேண்டும். ஒரே அறை வீட்டில் நைட் முடித்துத் தூங்குகிறவர் தலைமாட்டில் கிரைண்டர் ஓட்ட முடியுமா?

அரைப்பதை வெளியே கொடுத்தால் வீட்டுச் சாப்பாட்டுக்கு எந்தக் குறையும் வராது என்பது என் உறுதியான எண்ணம். மிளகாய்த்தூள், சாம்பார்ப் பொடி, துருவிய தேங்காய், நறுக்கிய கீரை எல்லாவற்றுக்கும் இதுவே பொருந்தும். வேகவைப்பதை வெளியே கொடுக்கும்போதுதான் பிடி நழுவுகிறது. உப்பு எவ்வளவு, எண்ணெய் எது, அந்த எண்ணெய் எத்தனை முறை காய்ந்தது, காய் உண்டா இல்லையா என்ற எதுவும் அதற்குப் பிறகு நம் கையில் இல்லை.

லைன் வீட்டுப் பையன்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்து சிப்காட் ஆலைகளில் ஒப்பந்த வேலை செய்கிறவர்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழே ஓர் அறைக்கு ஆறேழு பேர், ஒரு சின்ன சிலிண்டர், ஒரு குக்கர். ஆனால் நான் பார்த்தவரையில் இந்த வட்டாரத்தில் தினமும் தவறாமல் புதிதாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் இவர்கள்தான். முறை வைத்துக்கொள்கிறார்கள். இன்று ஒருவன் சோறு, இன்னொருவன் பருப்பு, மூன்றாமவன் உருளைக்கிழங்கும் வெங்காயமும் நறுக்குகிறான். வேறு ஷிஃப்டில் இருப்பவனுக்கு மூடி வைக்கிறார்கள். பீகார்ப் பையன்கள் ஊரிலிருந்து சத்து மாவு கொண்டுவருவார்கள். வறுத்த கடலையைப் பொடித்தது. தண்ணீர், உப்பு, வெங்காயம், எலுமிச்சை சேர்த்துக் கரைத்தால் அடுப்பே வேண்டாம். ஒடிசாக்காரர்களுக்குப் பகாலா. அது நம் பழைய சோறேதான். என் கடைக்கு வரும் ஒரு பையன், நான் மத்தியானம் நீராகாரம் குடிப்பதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது எங்க ஊரு சாப்பாடு" என்று உரிமையோடு உட்கார்ந்துவிட்டான். சென்னை ஸ்டான்லி மருத்துவமனை மருத்துவர்கள் இதே பழைய சோற்றைக் குடல் அழற்சி நோயாளிகளுக்குக் கொடுத்து ஆய்வு செய்திருக்கிறார்கள். இங்கிருந்து பெரிய வைத்தியத்துக்கு என்று ரயிலேறுகிறவர்கள் போகும் மருத்துவமனை அது.

இரும்பு உருக்கும் இடத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவரின் சட்டையில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். அந்த உடம்பு கேட்பது மோர், கஞ்சி, நீராகாரம். கேட்டுக்கு வெளியே பெட்டிக்கடையில் அவருக்குக் கிடைப்பது பத்து ரூபாய்க் கலர் பாட்டிலும் ஐந்து ரூபாய் சிப்ஸும். தாகம் அடங்கியது போலத் தோன்றும், பசியும் மந்தமாகும். சாப்பாட்டு நேரத்தில் சோறு இறங்காது. இந்தப் பழக்கம் ஆண்டுக்கணக்கில் நீண்டால் என்ன ஆகும் என்பதற்கு அறிகுறி ஏற்கெனவே தெரிகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது.

நூடுல்ஸ் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் 2015-ஐத்தான் நினைவுபடுத்துவார்கள். மேகியில் ஈயம் இருப்பதாகச் சொல்லி அந்த ஜூன் மாதம் தமிழக அரசு மூன்று மாதத் தடை போட்டது. நாடு முழுக்கவும் விற்பனை நின்றது. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது, நவம்பரில் மறுபடி கடைக்கு வந்தது. அதோடு மக்கள் பிரச்சினை தீர்ந்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு ஈயம் இருந்ததா இல்லையா என்பது பெரிய கேள்வியாகவே படவில்லை. எண்ணெயில் பொரித்து உலர்த்திய மைதாவும் உப்பு மிகுந்த மசாலாவும் வாரத்தில் பாதி நாள் ஒரு பிள்ளையின் ராத்திரிச் சாப்பாடாக இருக்கலாமா என்பதுதான் கேள்வி. ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு 5 கிராம் உப்புக்குமேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரு தேக்கரண்டி, அதுவும் எல்லா வேளைக்கும் சேர்த்து.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவர் தலைமையில் நடந்த சோதனை 2019-இல் வெளியானது. இருபது பேரை ஆய்வு மனையிலேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் ஆலையில் தயாரான உணவு, இரண்டு வாரம் புதிதாகச் சமைத்த உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, உப்பு, நார்ச்சத்து இரண்டிலும் சமம். வேண்டுமட்டும் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆலை உணவு சாப்பிட்ட நாட்களில் அதே ஆட்கள் தினம் ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், இரண்டே வாரத்தில் சுமார் ஒரு கிலோ எடையும் போட்டார்கள். இதைப் படித்த பிறகு "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்று யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாயைக் கட்ட முடியாதபடி செய்து விற்கிறார்கள்.

அதற்காகப் புதிதாகச் சமைத்தது எல்லாம் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த, எங்கள் மாவட்டத்துப் பூந்தமல்லி அருகிலுள்ள விடுதியில் சாப்பிட்டவர்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்களை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. தோழிகள் எப்படி இருக்கிறார்கள் என்று தகவல் தெரியாத பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை மூடப்பட்டது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தரமாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. அடுத்த மாதம்தான் ஆலை திறந்தது. அந்தப் பெண்கள் சாப்பிட்டது சோறும் குழம்பும்தான், பாக்கெட் இல்லை. சமைக்கிறவருக்கு நல்ல தண்ணீரும் சுத்தமான இடமும் கொடுக்காமல் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பொங்கிப் போட்டால் இதுதான் நடக்கும். அதே பெண்கள் சாலைக்கு வந்ததால்தான் அது ஊருக்குத் தெரிந்தது.

தொழிலாளிக்குச் சூடாக, மலிவாகச் சாப்பாடு போடுவது முடியாத காரியமில்லை. போலந்தில் 'பால் உணவகங்கள்' என்று ஒன்று உண்டு. முதலாவது 1896-இல் வார்சாவில் திறந்ததாகச் சொல்வார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் அரசு மானியத்தோடு ஊர் ஊருக்குப் பெருகின. பால், முட்டை, மாவு, காய் கொண்டு செய்த எளிய சாப்பாடு, கொழுக்கட்டை மாதிரி உள்ளே உருளைக்கிழங்கு வைத்து வேகவைத்த பியெரோகி. 1989-க்குப் பிறகு பெரும்பாலானவை மூடிவிட்டாலும், மிச்சம் இருப்பவற்றுக்கு அந்த அரசு இன்னமும் மானியம் தருகிறது. அங்கேயும் இப்போது வீட்டில் மாவு பிசையாமல் உறைந்த பியெரோகி பாக்கெட்டை வாங்கி வெந்நீரில் போடுகிறார்கள். நம்மூரில் 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகம் ஒரு ரூபாய்க்கு இட்லியும் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் போட்டது. சிப்காட் கேட்டுக்கு எதிரே அப்படி ஒன்று விடியற்காலை ஐந்து மணிக்குத் திறந்திருந்தால் எத்தனை வயிறு குளிரும்!

பிள்ளைகள் விஷயத்தில் ஒரு நல்லது நடந்திருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022-இல் தொடங்கி, மறு ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு அதை விரிவாக்கியது 2024 ஜூலை 15, காமராஜர் பிறந்த நாளில். தொடங்கிய இடம் எங்கள் மாவட்டத்துக் கீழச்சேரி. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய் போட்ட சாம்பார். ஐந்து மணி பஸ்ஸுக்கு ஓடும் தாய் முன்பெல்லாம் பிள்ளை கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் திணித்துவிட்டுப் போவாள். அந்தக் காலைப் பாக்கெட் பல வீடுகளில் இப்போது இல்லை. அறிவுரை எதுவும் சொல்லாமலே ஒரு பழக்கம் மாறியிருக்கிறது, அவள் நேரத்துக்கு மாற்று கிடைத்ததால்.

நேரம் என்றதும் வீட்டு ஆண்களிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். லைன் வீட்டில் மூன்று பேர் முறை வைத்துச் சமைக்க முடிகிறது, குடும்பத்தில் இரண்டு பேரால் முடியாதா? என் கடைக்கு வரும் ஒரு தம்பி, மனைவி பி ஷிஃப்ட் போகும் வாரத்தில் பரோட்டா பார்சலோடுதான் போவார். ஒருநாள் பார்சலை விட்டு அரைக் கிலோ மாவு கேட்டார்.

"அக்கா, ஊத்துனா கல்லு மாதிரி வருதுக்கா."

"தண்ணி நல்லா கொதிச்சப்புறம் தட்ட வைப்பா. பத்து நிமிஷம். இறக்குன உடனே எடுக்காத, கொஞ்சம் ஆற விடு."

இப்போது அவர் வீட்டில் ராத்திரிப் பதினொன்றுக்கு மனைவி வரும்போது இட்லியும் தக்காளிச் சட்னியும் காத்திருக்கின்றன. அவரே பெருமையாகச் சொன்னது.

அரசிடம் ஒரு கேள்வி உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியது. நூடுல்ஸ், பிஸ்கட், மிக்சர் எல்லாம் 5 சதவீதத்துக்கு இறங்கின. சப்பாத்திக்கும் பரோட்டாவுக்கும் வரியே இல்லை. பாக்கெட் இட்லி மாவுக்கு மட்டும் பழைய 5 சதவீதம் அப்படியே நிற்கிறது. என்னைப் போன்ற சின்னக் கடைகளுக்கு அந்த வரி வராது, ஆனால் பெரிய கடையில் மாவு வாங்குகிற தொழிலாளி அதைக் கட்டுகிறார். அரிசியும் உளுந்தும் அரைத்த மாவையும் பிஸ்கட்டையும் ஒரே தட்டில் நிறுத்துவது நியாயமில்லை. மைதா பரோட்டாவுக்குக் கொடுத்த விலக்கை இட்லி மாவுக்கும் கொடுக்க வேண்டும்.

கடைசியாகக் கம்பெனிக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, 250 பேருக்குமேல் வேலை செய்யும் ஆலையில் கேண்டீன் வேண்டும் என்றது. அதை நடத்தும் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு இடமும், முதலாளி ஏற்க வேண்டிய செலவுகளைச் சாப்பாட்டு விலையில் ஏற்றக்கூடாது என்ற விதிக்கு வழியும் அதிலேயே இருந்தன. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து 100 பேர் இருந்தாலே கேண்டீன் வசதி வேண்டும் என்கிறது. உங்கள் ஆலையில் கேண்டீன் இருக்கிறதா, நைட் ஷிஃப்ட்டுக்கும் அடுப்பு எரிகிறதா, காய் போடுகிறார்களா, மோர் வைக்கிறார்களா, ஒப்பந்த ஆட்களுக்கும் அதே தட்டா, குழுவில் உங்கள் ஆள் யார் என்று நாளைக்கே போய்க் கேளுங்கள். தனியாகக் கேட்க பயமாக இருந்தால் நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள்.